டத்தோவுக்கு எடுத்த ஆரத்தி

நம் டிராவல்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலாளி என்னென்ன சொல்லிக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நவக்கிரகக் கோயில்களை ஒரே சுற்றில் முடிக்க எந்த வழியாகப் போக வேண்டும், திருவிடைமருதூரில் வண்டியை எங்கே நிறுத்தினால் வயதானவர்கள் அதிகம் நடக்காமல் சன்னதிக்குப் போகலாம், பறவையே இல்லாத மாதத்தில் கோடியக்கரையைப் பார்க்க வருகிறவர்களை எப்படிச் சமாளிக்கலாம், எல்லாம் சொல்லியிருப்பார். மனிதர்களை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார். ஏசி அறையை விட்டு அவர் வெளியே வந்தால்தானே அதெல்லாம் தெரிய.

எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியவரே இப்போது கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்கிறார். ஏன் கூப்பிட்டார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி மலேசியாவுக்குப் போனவள். கிள்ளான் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து பல வருடங்களை ஓட்டினேன். மலாய் மொழியை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டைக்கு வந்தவர்களிடமிருந்து கற்றேன். கும்பகோணத்துக்குத் திரும்பி இந்த வேலையில் சேர்ந்ததும், மலேசியாவிலிருந்து வரும் பயணிகளையெல்லாம் என் தலையில் கட்டினார்கள்.

பெரும்பாலும் நம்மவர்கள்தான் வருவார்கள். அந்த ஒரு தடவை வந்தவர் ஒரு மலாய்க்காரர், முஸ்லிம், அரசியல்வாதி. டத்தோ என்பது அங்கே அரசு கொடுக்கும் பட்டம். அவர் பெயர் உங்களுக்கு வேண்டாம், டத்தோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் கதை புரியும். அங்கே பெரும்பான்மை மலாய் முஸ்லிம்கள். சீனர்கள் இருக்கிறார்கள், நம் தமிழர்கள் இருக்கிறார்கள். டத்தோவின் தொகுதியில் மலாய்க்காரர்களின் ஓட்டு இரண்டு பேருக்குப் பிரிந்து கிடந்தது. ஒருவர் டத்தோ. இன்னொருவர் முன்பு மார்க்கப் பள்ளியில் பாடம் சொன்னவர், அதனால் எல்லோரும் அவரை உஸ்தாஸ் என்பார்கள். சாலை, சாக்கடை, ஆஸ்பத்திரி எதைப் பற்றியும் இவர்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மூன்றையும் யாரும் கவனிக்கவில்லை. யார் அதிகம் இறைபக்தி உள்ளவர் என்பதில்தான் போட்டி. ஒருவர் கையேந்தித் துவா கேட்கும் படத்தை வெளியிட்டால், இன்னொருவர் கண்ணீரோடு கேட்கும் படத்தை வெளியிடுவார். டத்தோவின் தொப்பி வெறும் ஷோவுக்கு என்பார் உஸ்தாஸ். உஸ்தாஸின் தாடிக்குத் தனியாக ஒரு ஆள் சம்பளம் வாங்குகிறான் என்பார் டத்தோ. கடவுளை நிஜமாகவே கும்பிடுகிற சாதாரண மலாய்க்காரர்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள்.

சிரிக்காதீர்கள். கும்பாபிஷேகத்தன்று யார் முதலில் கோபுரத்தில் ஏறுவது என்று நம் ஊரில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே ஏணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மலாய் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்ததால், அந்தத் தொகுதியில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழர்களின் ஓட்டுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. அந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் முக்கால்வாசி திருவாரூருக்கு அந்தப் பக்கம், வெட்டாற்றங்கரையில் இருக்கும் ஒரு ஊரிலிருந்து போனவை. 'உங்கள் பூர்வீக ஊருக்கே போய் உங்கள் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தேன்' என்று டத்தோ சொன்னால் தோட்டம் முழுக்க அவருக்குத்தான் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். கிளம்பிவிட்டார்.

அவருடைய அலுவலகத்திலிருந்து எனக்கு வாட்ஸப்பில் கட்டளைகள் வந்தன. கோயிலுக்குள் போகக் கூடாது. குத்துவிளக்கு ஏற்றச் சொல்லக் கூடாது. விபூதி, குங்குமம், கற்பூரம் பக்கத்தில் வரக் கூடாது. ஆனால் தமிழர்களோடு நெருக்கமாக, பாசமாக இருக்கும் படங்கள் வேண்டும். தோட்டத்துக்குக் காட்ட ஒரு டத்தோ, மலாய்க் கிராமத்துக்குக் காட்ட ஒரு டத்தோ. ஒரே உடம்பில் இரண்டு பேரையும் நான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இதற்கு நடுவில் வசந்தா வந்து சேர்ந்தாள். அந்த ஊரில் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைப்பவள். அவளுடைய அக்கா கமலா அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், புருஷன் செத்த பிறகும் அங்கேயே லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். லயத்தை இடிப்பதா, அந்த இடத்தைக் குடியிருப்பவர்களுக்கே கொடுப்பதா என்பது மாநில அரசின் கையில் இருந்தது. அதை முடிவு செய்யும் கூட்டத்தில் உட்காருகிறவர் டத்தோ.

"எனக்கு ஃபோட்டோவெல்லாம் வாணாங்கக்கா. ரெண்டு நிமிஷம் அவருகிட்ட பேசணும். அக்கா வூட்ட இடிக்காதீங்கன்னு சொல்லணும். நீங்க அவரு பாஷைல எடுத்துச் சொல்லுங்க, போதும்" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அந்தப் பயணத்தில் எனக்கு அது ஒன்றுதான் முக்கியமாகப் பட்டது.

டத்தோவுக்கு முன்னால் அவருடைய படக்காரப் பையன் அஸ்லான் வந்து இறங்கினான். நல்ல மரியாதை, நல்ல சிரிப்பு. நான் அவனோடு ஆங்கிலத்தில்தான் பேசினேன். காரில் வரும்போது அவனுக்கு ஒரு போன் வந்தது. எனக்கு மலாய் தெரியாது என்ற தைரியத்தில் தாராளமாகப் பேசினான். கவலைப்படாதீர்கள் உஸ்தாஸ், இந்தியாவில் நெற்றியில் எதையாவது பூசாமல் யாரையும் விட மாட்டார்கள், ஒரே ஒரு படம் போதும், தொகுதி உங்களுக்கு என்றான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு எத்தனை மொழி தெரியும் என்பதை வண்டியில் ஏறிய உடனே பறைசாற்றாதீர்கள். நான் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டத்தோவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என்ன ஆகும்? அவர் அந்த நிமிடமே விமானம் ஏறுவார். வசந்தாவின் இரண்டு நிமிடம் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு, படம் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நம் ஊரை நம்பி அப்படி ஒரு முடிவு எடுத்திருக்கக் கூடாதுதான்.

மறுநாள் டத்தோ திருவாரூரில் ஓட்டலில் சாப்பிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். நான் முன்னாலேயே ஊருக்குப் போனேன். குறுவை அறுப்பு நேரம். சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள், கார் ஊர்ந்துதான் போனது. ஊர் எல்லையில் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பிளெக்ஸ்கள், சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

ஒன்றை வைத்தவர் கலியமூர்த்தி, ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். மற்றதை வைத்தவர் பன்னீர், எதிர்க்கட்சிக்காரர். பன்னீரின் தங்கையைத்தான் கலியமூர்த்தி கட்டியிருக்கிறார். வீட்டில் மாமன் மச்சான், ரோட்டில் ஜென்மப் பகை.

கலியமூர்த்தியின் பிளெக்ஸில் டத்தோ அம்மன் சன்னதியில் கைகூப்பி நின்றார். மலாய்க்காரர்கள் போடும் கறுப்பு வெல்வெட் தொப்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்த நடிகருடைய முடியையோ ஒட்டி, நெற்றியில் மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். பன்னீர் சும்மா விடுவாரா? அவர் பிளெக்ஸில் டத்தோ பட்டு வேட்டி கட்டி, கையில் வேல் பிடித்து நிற்க, பக்கத்தில் யானை மாலை போட்டது. 'கடல் கடந்து வந்த காவலனே வருக' என்று எழுத்து. இரண்டிலுமே டத்தோவின் தலையைவிட அதை வைத்தவரின் தலை கொஞ்சம் பெரிதாக இருந்தது, அந்த விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே கொள்கை.

அஸ்லான் நம் அலுவலகத்தின் இன்னொரு காரில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவான். இதில் ஒன்றைப் படமெடுத்தாலே அவனுக்குப் போதும்.

கலியமூர்த்தியிடம் ஓடினேன். விஷயத்தை விளக்கினேன். மனிதர் வருத்தத்தோடுதான் கேட்டுக்கொண்டார். ஆனால் இறக்க முடியாது என்றார். பிளெக்ஸில் அவர் கட்சித் தலைவரின் படம் இருக்கிறது. தலைவர் படத்தை இறக்கினான் என்று மேலிடத்துக்குச் செய்தி போனால் பதவி போய்விடும். துணியால் மூடலாமா என்றேன். தலைவர் முகத்தில் துணி போடுவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அவர் எனக்கு விளக்கினார். பன்னீரிடம் போனேன், அவரும் அதே பதிலை வேறு தலைவரின் பெயரோடு சொன்னார்.

வரவேற்கிறோம் என்று வைத்ததை, வரவேற்கப்படுகிறவனே கெஞ்சினாலும் எடுக்க முடியாது. நம் ஊர் மரியாதை அப்படிப்பட்டது.

கொஞ்ச நேரம் நெல் குவியல் ஓரமாக நின்று யோசித்தேன். இந்த ஊரில் ஒரு பிளெக்ஸை இறக்கும் சக்தி யாருக்கு உண்டு? வைத்தவனுக்குக் கிடையாது. விருந்தாளிக்குக் கிடையாது. வைத்தவனின் எதிரிக்கு மட்டும்தான் உண்டு.

மறுபடி கலியமூர்த்தியிடம் போய், பன்னீர் அண்ணன் பிளெக்ஸ் உங்களுடையதைவிட அரை முழம் உயரமாகத் தெரிகிறதே, அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று சாதாரணமாகக் கேட்டேன். அங்கிருந்து பன்னீரிடம் போய் இதையே திருப்பிக் கேட்டேன். அனுமதி விஷயத்தில் பொய் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு பேருமே வாங்கவில்லை. டீக்கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். இரண்டு பிளெக்ஸையும் இறக்கி ஜீப்பில் போட்டார். உடனே இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சாலை மறியல் என்று உட்கார்ந்தார்கள். நெல்லில் உட்காராதீர்கள் என்று அதை உலர்த்திய பெண்கள் துடைப்பத்தோடு வந்ததால் மறியல் சீக்கிரமே முடிந்துவிட்டது. தன் பிளெக்ஸ் போன துக்கத்தைவிட மச்சானுடையது போன சந்தோஷம் இருவர் முகத்திலும் அதிகமாகத் தெரிந்தது.

"ரெண்டு கட்சியும் ஒரே நேரத்துல கம்ப்ளெயின்ட் குடுத்தது என் சர்வீஸ்லயே இதாங்க மொத தடவ. யாரு மேல ஆக்‌ஷன் எடுக்கறதுன்னு ரோசன பண்ண வேண்டிய வேலையே இல்லாம போச்சு" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

ஜீப் ஒரு பக்கம் போக, அஸ்லானின் கார் மறுபக்கத்திலிருந்து வந்தது. மூங்கில் கழிகளை மட்டும் பார்த்தான்.

வரவேற்பைக் கோயில் வாசலிலிருந்து நெல் கொள்முதல் நிலையத்துக் களத்துக்கு மாற்றியிருந்தேன். சாமியும் இல்லை, சண்டையும் இல்லை, நெல் மூட்டைதான். பக்கத்துத் தெருவில் பள்ளிவாசல். அதன் தலைவர் ஹாஜா மைதீன், அரிசி மில் வைத்திருப்பவர், அவரும் வந்து நின்றார்.

ஊர்ப் பெண்களோடு ஒரு சமரசமும் செய்திருந்தேன். கடல் தாண்டி முதல் தடவை ஊருக்குள் வருகிற மனிதரை ஆரத்தி இல்லாமல் அழைக்கவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். சரி, சிவப்புத் தண்ணீர்த் தட்டைச் சுற்றலாம், கற்பூரம் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது என்று பேசி முடித்தோம். தட்டு வசந்தா கையில். அவள் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள்.

டத்தோ இறங்கினார். சலவைச் சட்டை, கறுப்புத் தொப்பி, அரசியல்வாதிக்கே உரிய அகலமான புன்னகை. வசந்தா தட்டைச் சுற்றினாள், சரியாகத்தான் சுற்றினாள். சுற்றி முடித்ததும் அவள் கட்டைவிரல் தட்டில் தோய்ந்து நேராக அவர் நெற்றிக்குப் போய்ப் பளிச்சென்று ஒரு பொட்டை வைத்துவிட்டது. அவள் தலை ஒப்புக்கொண்டது விரலுக்குத் தெரியாது. எத்தனை மாப்பிள்ளைக்கு, எத்தனை பிள்ளைத்தாய்ச்சிக்கு வைத்த விரல்! வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அஸ்லானின் கேமரா படபடவென்று அடித்தது.

டத்தோவின் புன்னகை அப்படியே உறைந்து நின்றது. கை மெல்ல பாக்கெட்டிலிருந்த கைக்குட்டைக்குப் போனது. அவர் நெற்றியில் பொட்டோடு நிற்கும் படம் மலாய்க் கிராமத்துக்குப் போனால் தொகுதி போச்சு. ஒரு தமிழ்ப் பெண் வைத்த பொட்டை அவள் முகத்துக்கு நேரேயே துடைத்துப் போடும் படம் தோட்டத்துக்குப் போனாலும் தொகுதி போச்சு. அஸ்லான் இரண்டாவது படத்துக்காக இன்னும் கிட்டே வந்தான்.

"துடைக்காதீங்க டத்தோ" என்று மலாயில் சொன்னேன். இருவரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். அஸ்லானின் முகத்தில் ரத்தமே இல்லை, நேற்றுக் காரில் பேசியது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவன் கிட்டே வந்து நின்றதில் இன்னொன்று நடந்தது. செய்த தவறில் பதறிப்போயிருந்த வசந்தா, பக்கத்தில் வந்து குனிந்தவனும் விருந்தாளிதானே என்று அதே கையோடு அவன் நெற்றியிலும் ஒன்றை வைத்துவிட்டாள். இரண்டு கையிலும் கேமரா இருந்ததால் அவனால் தடுக்க முடியவில்லை. பன்னீர் தன் போனில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஹாஜா மைதீன் பக்கம் திரும்பி, அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதல்லவா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரமிருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தையும் டத்தோவின் நெற்றியையும் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடியே ஒளு செஞ்சிட்டு உக்காந்திருந்தா ரொம்ப நல்லதுங்க. வாங்க, தண்ணி ரெடியா இருக்கு" என்று டத்தோவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவுவதுதான் ஒளு. அதில் பொட்டு போனால் யார் என்ன சொல்ல முடியும்? உஸ்தாஸே வந்து நின்றாலும் குறை சொல்ல முடியாது, வசந்தாவுக்கும் மனம் புண்படாது. பள்ளிவாசல் தொட்டியில் டத்தோ முகம் கழுவினார். பக்கத்தில் அஸ்லானும் கழுவினான்.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அன்று தப்பித்ததால் அது சரியாகிவிடாது. கேட்காமல் யார் நெற்றியிலும் கை வைக்க நமக்கு உரிமையில்லை. நம் பாசம் நமக்குப் பெரிது, அவர் நெற்றி அவருடையது.

பன்னீரிடம் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி, அஸ்லான் பொட்டோடு நிற்கும் படத்தை அவனுக்கே வாட்ஸப்பில் அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. போனைத் திறந்து பார்த்தான். இவனையே இந்தியாவில் கெடுத்துவிட்டார்கள் என்று உஸ்தாஸின் ஆட்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

"அக்கா, நீங்க எங்க ஊர்ல தேர்தல்ல நிக்கலாம்" என்றான் மலாயில். அவன் அன்று எடுத்த படம் ஒன்றுகூட எங்கேயும் வெளிவரவில்லை, ஊருக்குப் போய் வந்ததைத் தோட்டத்தில் டத்தோ வாயால் சொன்னதோடு சரி.

தொழுதுவிட்டு டத்தோ வெளியே வந்தபோது பள்ளிவாசல் தெருமுனையில் வசந்தா நின்றாள். நான் வாக்குக் கொடுத்த இரண்டு நிமிடம். கேமரா வேண்டாம் என்றார் டத்தோ. எல்லோர் போனையும் உள்ளே வைக்கச் சொன்னது நான்தான், அன்று அதுதான் சரியான காரியம். வசந்தா சொன்னாள், நான் மலாயில் சொன்னேன். அக்கா அந்த வீட்டில்தான் பிள்ளை பெற்றாள், அங்கேயேதான் புருஷனைப் பறிகொடுத்தாள், அதை இடிக்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். டத்தோவின் கண் நிஜமாகவே கலங்கியது. வலது கையை நெஞ்சில் வைத்து, நான் இருக்கும்வரை அந்த வீடுகளை யாரும் தொட முடியாது என்றார். இறைவன் மேல் ஆணை என்றும் சொன்னார். நான் நம்பினேன், இப்போதும் அந்த நிமிடத்தில் அவர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை.

டத்தோ ஜெயித்தார். தோட்டத்து ஓட்டில்தான் ஜெயித்தார். உஸ்தாஸ் பக்கத்துத் தொகுதியிலும் நின்றிருந்தார், அங்கே அவர் ஜெயித்துவிட்டார். மாநிலத்தில் இவர்கள் இருவருடைய கூட்டணிக்கும் தனியாகப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

அப்புறம் என்ன, ஒரு படம் வந்தது. டத்தோவும் உஸ்தாஸும் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். சமுதாய ஒற்றுமைக்காகவும் மார்க்கத்துக்காகவும் இணைந்தார்களாம். எந்த மார்க்கத்துக்காகச் சண்டை போட்டார்களோ அதற்காகவே. பின்னால் அஸ்லான், இரண்டு பேருக்கும் பொதுவான பத்திரிகைச் செயலாளர். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவே இல்லை.

லயத்தை இடிக்க முடிவாயிற்று. கமலாவும் தோட்டத்து ஜனங்களும் டத்தோ அலுவலகத்துக்குப் போய், எங்கள் ஊருக்கே வந்து என் தங்கையிடம் வாக்குக் கொடுத்தாரே என்று கேட்டிருக்கிறார்கள். டத்தோ வியாபார விஷயமாகத்தான் இந்தியா போனார், அப்படி ஒரு ஊருக்குப் போகவே இல்லை, போனதற்குப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்களாம். உஸ்தாஸோடு சேர்ந்த பிறகு அந்தப் பயணமே நடக்காததாகிவிட்டது.

வசந்தா கும்பகோணத்துக்கு என்னைத் தேடி வந்தாள். ஏதாவது படம் இருக்கிறதா என்றாள். பன்னீரிடம் வாங்கியதில் டத்தோவின் முகம் தெரிகிற ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது. களத்தில், நெற்றியில் சிவப்புப் பொட்டோடு, அகலமான புன்னகையோடு டத்தோ. அதைக் காட்டினேன். இதை அனுப்பினால் போதும் வசந்தா, ஊருக்கு வரவே இல்லை என்கிற வாயை அடைத்துவிடலாம், அக்கா வீட்டைத் தொடப் பயப்படுவார் என்றேன். நான் ஆவேசத்தில் இருந்தேன்.

அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வாணாங்கக்கா" என்றாள். "தெரியாத்தனமா வச்சேன். ஆனா நல்லா இருக்கணும்னு வச்சேன். அத எடுத்துட்டுப் போயி ஒரு மனுசன அவங்க சனத்துக்கு முன்னாடி அசிங்கப்படுத்தறதா? வாக்கக் குடுத்துட்டு இல்லன்னு சொன்னாரு பாருங்க, அதக் கேக்கணும். பொட்டு வச்சதுக்கு அவரு எதுக்கு பயப்படணும்?"

அப்படியானால் அக்கா வீடு போகுமே என்றேன். அவள் அழுதாள். அழுதுகொண்டேதான் வேண்டாம் என்றாள். நான் எவ்வளவு வாதாடியும் அசையவில்லை, கடைசியில் எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் படத்தை நான் அனுப்பவில்லை. அது என் படமல்ல.

வீடுகளை இடித்தார்கள். கமலாவுக்கு ஒரு உயரமான கட்டடத்தின் உச்சி மாடியில் சின்ன வீடு கொடுத்திருக்கிறார்கள். டத்தோ ஒரு பக்கம், உஸ்தாஸ் ஒரு பக்கம், நடுவில் கமலா சாவியைப் பிடித்திருக்கிற படம் பத்திரிகையில் வந்தது. அந்தப் படத்துக்கு மட்டும் கேமரா இருந்தது. லிப்ட் பாதி நாள் ஓடுவதில்லை என்கிறாள் வசந்தா. முட்டி வலியோடு கமலா கீழே இறங்குவதையே விட்டுவிட்டாளாம்.

இப்போது முதலாளி என்னை ஏன் கூப்பிட்டார் என்று சொல்கிறேன். டத்தோவும் உஸ்தாஸும் பிரிந்துவிட்டார்கள். தேர்தல் வருகிறது. தோட்டத்துத் தமிழர்கள் அந்தக் கட்டடங்களில் கோபமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஓட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் டத்தோ மறுபடி அதே ஊருக்கு வருகிறார், முதல் தடவை வருவது போல. நம் டிராவல்ஸில்தான் வண்டி போட்டிருக்கிறார். கட்டளைகள் வாட்ஸப்பில் வந்துவிட்டன, போன தடவையைவிட நீளம். உங்களில் ஒருவர்தான் அந்த வண்டியில் முன்சீட்டில் உட்காரப் போகிறீர்கள்.

வசந்தாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வரட்டுங்கக்கா. வூடு தேடி வர்றவர வேணாங்க முடியுமா. ஆரத்தி எடுக்கறோம், பொட்டெல்லாம் வைக்க மாட்டேன், பயப்பட வேணாம்னு சொல்லிருங்க. எனக்கு அதே ரெண்டு நிமிஷம் போதும். மாடிப்படி ஏற முடியாம எங்கக்கா அங்க ஒக்காந்திருக்கா, அத அவரு மூஞ்சியப் பாத்து கேக்கணும்."

நெற்றிக்கு எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளெக்ஸைப் போலீசிடம் விடுங்கள், சாப்பாடு ஹாஜா மைதீன் வீட்டில். இவையெல்லாம் உங்கள் வேலை, செய்யுங்கள். அவள் பேச வரும்போது டத்தோ கேமரா வேண்டாம் என்று கையைக் காட்டுவார். அப்போது நீங்கள் யார் போனையும் உள்ளே வைக்கச் சொல்லாதீர்கள்.